இனிஷ்கார்வின் அறுபத்தெட்டாவது ஆள்

மக்கள்தொகைக் கணக்கு வெளியாகிற நாளில் எங்கள் ஊர் வாரப் பத்திரிகை அலுவலகத்துப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கக் கூடாது. மற்ற நாட்களில் அட்ராக்டா காஹனிடம் மாடு காணாமல் போனதிலிருந்து பங்குத் தந்தையின் முழங்கால் வலி வரை எதையும் போய்ச் சொல்லலாம். தேநீர் கொடுத்துக் கேட்பாள். அன்றைக்கு மட்டும் கணினிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வள்ளென்று விழுவாள்.

கசாப்புக்கடைக்காரர் மகள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு, மரண அறிவிப்புகளைத் தொலைபேசியில் கேட்டு எழுதும் வேலைக்குப் பத்திரிகையில் சேர்ந்தவள். அயர்லாந்தின் மேற்கோரத்தில் இருக்கிற எங்கள் மேயோ மாவட்டத்தில் பத்திரிகை வாங்குகிறவன் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான், தலைப்புச் செய்தியெல்லாம் பிறகு. நிருபராகி, தலைமுடி நரைத்து, ஆசிரியருக்கே புத்தி சொல்கிற அளவுக்கு வளர்ந்த பிறகும் அந்த வேலையை அவள் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இறந்தவர் பெயரில் ஒரு எழுத்துத் தப்பினால் அந்தக் குடும்பம் மூன்று தலைமுறைக்கு மன்னிக்காது என்பது அவள் கட்சி.

டப்ளின் பத்திரிகைகள் எல்லாம் நாட்டின் மொத்தத் தொகையைப் பார்த்து எழுதும். நாடு பெருத்தது, வீடு போதவில்லை, வயசாளிகள் கூடிவிட்டார்கள் என்று பெரிய பெரிய எழுத்தில் வரும். அட்ராக்டா அதையெல்லாம் தொடவே மாட்டாள். எழுபது எண்பது வீடுகளுக்கு ஒரு துண்டு என்று நாட்டையே நறுக்கிக் கொடுத்திருப்பார்களே, அந்தச் சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கண்ணில் உறுத்துகிற எண் ஒன்று எங்காவது இருக்கும். ஒருமுறை பாதிப் பேர் விடியுமுன்பே வேலைக்குக் கிளம்புகிற தெரு ஒன்று அகப்பட்டது. போய்க் கதவைத் தட்டினாள். இறைச்சித் தொழிற்சாலையில் யாரிடமும் சொல்லாமல் புதிய ஷிஃப்ட் போட்டிருந்தார்கள், பிள்ளைகள் தனியாக எழுந்து தனியாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. இன்னொரு முறை, கார் இல்லாத வீடுகளும் எழுபத்தைந்து தாண்டியவர்களும் ஒரே துண்டில் குவிந்து கிடந்தார்கள். அந்த ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரே பேருந்தை நிறுத்திவிட்டிருந்தார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் சொல்வது இவ்வளவுதான். எண் உறுத்தினால் போய்க் கதவைத் தட்டு. தட்டாமல் ஒரு வரி எழுதாதே.

அப்பேர்ப்பட்டவள்தான் இனிஷ்கார்வ் விஷயத்தில் கதவைத் தட்டாமல் எழுதினாள்.

இனிஷ்கார்வ் எங்கள் கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தீவு. முந்தைய கணக்கில் அங்கே நாற்பது பேர். ஒவ்வொரு கணக்கிலும் தேய்ந்துகொண்டே வந்த இடம். இந்தத் தடவை எண்ணைப் பார்த்ததும் அட்ராக்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அறுபத்தெட்டு. மேற்குக் கரையில் இருக்கிற அத்தனை சின்னத் தீவும் இளைத்துக்கொண்டிருக்க, இது ஒன்று மட்டும் கொழுத்திருந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டும். கடலோ கொந்தளித்துக்கொண்டிருந்தது, படகு கிடையாது. தீவுக் குழுவின் தலைவர் ஓனி லவெலுக்குத் தொலைபேசி போட்டாள். புதுக் குடும்பங்கள் வந்திருக்கிறதா, யார் யார் என்று கேட்டாள்.

ஓனி பிடி கொடுக்கவில்லை. “எண்ணினது அரசாங்கம், அட்ராக்டா. நாங்க சொல்லி என்ன, சொல்லாம என்ன? அன்னைக்கு இங்க நல்ல கூட்டமாத்தான் இருந்துது” என்றார்.

அன்னைக்கு என்ற சொல்லை அவள் காதில் வாங்கியிருக்க வேண்டும். அச்சுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, வாங்கவில்லை. மறுநாள் முதல் பக்கத்தில் அவள் பெயரோடு கொட்டை எழுத்தில் வந்தது: தீவு நிமிர்கிறது, இனிஷ்கார்வில் இப்போது அறுபத்தெட்டுப் பேர் குடியிருக்கிறார்கள்.

வானொலி பிடித்துக்கொண்டது. பாராளுமன்றத்தில் யாரோ எடுத்துப் பேசினார்கள். தீவுகளின் படகுப் போக்குவரத்தைப் பார்க்கிற துறைதான் இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் இனிஷ்கார்வின் வியாழக்கிழமைப் படகை வெட்டியது. மிச்சமிருந்தவை செவ்வாயும் சனியும். வருகிற குளிர்காலத்தில் அதிலும் ஒன்றைக் குறைக்கப் போவதாகப் பேச்சு. ஐம்பது பேருக்கு மேல் இருக்கிற தீவு என்றால் குறைக்க மாட்டார்கள், கூட்டக்கூடச் செய்யலாம் என்று துறையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். தீவே கொண்டாடியது. அட்ராக்டா வீட்டு வாசலில் ஒரு பெட்டி நிறைய நண்டு வந்து இறங்கியது. அவளும் அவள் அண்ணனும் மூன்று நாள் நண்டே தின்றார்கள்.

ஜூலை மாதம் கணக்கின் அடுத்த பகுதி வெளியானது. அதில் இன்னொரு அட்டவணை இருந்தது. எங்கள் நாட்டுக் கணக்கில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கெடுக்கிற ஞாயிற்றுக்கிழமை இரவு யார் எங்கே படுத்தார்களோ அங்கேயே எண்ணிவிடுவார்கள். வழக்கமாக எங்கே குடியிருக்கிறார்கள் என்பது தனி அட்டவணை. இது அட்ராக்டாவுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஊரில் எத்தனை பேருக்கு அதை விளக்கியிருப்பாள்! அவளே கோட்டைவிட்டாள் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இனிஷ்கார்வில் வழக்கமாகக் குடியிருப்பவர்கள் முப்பத்தொரு பேர்.

 இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு புத்தி வேலை செய்தது. முப்பத்தேழு பேர் கூடுதலாக ஒரு சின்னத் தீவில், ஏப்ரல் மாதக் குளிரில், எதற்காகப் போய்ப் படுப்பார்கள்? ஒன்று கல்யாணம், இல்லை சாவு. கல்யாணம் அங்கே நடந்து பல காலம் ஆகிறது. கணக்கெடுத்த வாரத்தின் மரண அறிவிப்புகளைத் திறந்தாள். ஃபெஸ்டி லவெல், இனிஷ்கார்வ், வியாழக்கிழமை, தன் வீட்டில். மனைவி சபீனா, மகன் டெக்லன், தம்பி ஓனி. ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்து, தன் கையாலேயே எழுதியிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் உடல் வீட்டிலேயே இருக்கும். புதைக்கும்வரை ஒரு நிமிடம்கூடத் தனியாக விட மாட்டார்கள். சொந்தம், பந்தம், சண்டைக்காரன் எல்லோரும் வந்து கூட உட்கார்ந்திருப்பார்கள். தீவு நிமிரவும் இல்லை, கொழுக்கவும் இல்லை. ஒரு சாவுக்கு வந்த கூட்டத்தை எண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆசிரியர் மாலக்கி ரூவனிடம் சொன்னாள். முதலில் அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். துறை தன் முடிவை அறிவிக்கப் போவது வருகிற வியாழக்கிழமை. பத்திரிகை வருவது அதற்கு முந்தைய நாள், புதன்கிழமை.

“ஒரு வாரம் பொறுத்துக்கிட்டா வானம் இடிஞ்சா விழும்? தீவுக்காரங்களுக்குப் படகு கிடைச்சிடட்டும். அப்புறமா உள்பக்கத்துல ஒரு மூலையில திருத்தம் போடலாம். நாம பொய் எழுதல அட்ராக்டா, எண் அரசாங்கம் போட்டது.”

“எண் அவங்க போட்டது. குடியிருக்கிறாங்கன்னு எழுதினது நான்.”

“நீ இதை எழுதி அவங்க படகு போச்சுன்னா?”

படகு போனாலும் போகலாம்தான். ஆனால் புது அட்டவணை எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. துறையில் கணக்குப் படித்தவர்கள் இல்லையா? அவர்கள் கண்ணில் முதலில் பட்டால் தீவு முழுக்க ஏமாற்றுக்காரர்கள் என்று ஆகிவிடும். அப்புறம் அவர்கள் நியாயத்தைச் சொன்னாலும் ஒரு ஆள் கேட்க மாட்டான். திங்கட்கிழமை தீவுக்குப் போய் வருகிறேன் என்றாள். மாலக்கி முணுமுணுத்தார், தடுக்கவில்லை. செவ்வாய் சாயங்காலம் நாலு மணிக்குள் கட்டுரை கைக்கு வராவிட்டால் முதல் பக்கத்தில் ஆட்டுச் சந்தையைப் போட்டுவிடுவேன் என்று மட்டும் சொன்னார்.

கோடையில் படகு தினமும் உண்டு. எப்படிச் சொல்லித் தொடங்குவது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். படகுத்துறையில் இறங்கியதும் வலை உலர்த்திக்கொண்டிருந்தவன் தொப்பியைக் கழற்றினான். தபால்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நம்மைக் காப்பாற்றியவள் வந்துவிட்டாள் என்று யாரோ சத்தமாகச் சொல்ல, இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். அட்ராக்டாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

பீனா லவெல் வீடு சர்ச்சுக்குக் கீழே. ஃபெஸ்டியின் மனைவி சபீனாவை ஊரே பீனா என்றுதான் கூப்பிடும். எழுபதைத் தாண்டியவள், சிக்கனமாகப் பேசுகிறவள். அட்ராக்டாவை உள்ளே கூப்பிட்டு, சோடா ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவி வைத்தாள். அவள் தேநீர் ஊற்றி முடிப்பதற்குள் ஓனி வந்துவிட்டார். படகில் யார் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. எதற்காக வந்திருக்கிறாள் என்பதும் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“முப்பத்தொண்ணு” என்றாள் அட்ராக்டா.

ஓனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆமாம், தெரியும் என்றார். அவள் தொலைபேசி போட்ட அன்றே தெரியும். எப்படிக் கேட்டாளோ அப்படிப் பதில் சொன்னார், ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இப்போது அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வியாழக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

அட்ராக்டா விளக்கிப் பார்த்தாள். துறைக்காரர்கள் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று சொன்னாள். ஃபெஸ்டியின் சாவைப் பற்றியே எழுதலாம், அன்றைக்கு ஏன் அத்தனை பேர் இங்கே கிடந்தார்கள் என்று எழுதலாம், அதுதானே உண்மையான கதை என்றாள்.

ஓனிக்கு முகம் சிவந்தது. “கதை! அண்ணன் செத்த மறு வாரமே அந்தக் கதையைத்தான் அவங்களுக்கு எழுதினோம். வியாழக்கிழமை காலைல நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு விழுந்தான். கடல் தட்டு மாதிரி கிடந்துது. முன்னாடியெல்லாம் பத்து மணிக்கு வருமே அந்தப் படகு, அது இருந்திருந்தா மத்தியானம் ஆஸ்பத்திரில இருந்திருப்பான். எங்க படகு ரெண்டும் குளிருக்காகக் கரையேத்தி எஞ்சின் கழட்டிக் கிடக்குது. ஹெலிகாப்டர் தெற்கே ஏதோ கப்பலுக்குப் போயிருக்குதாம். சாயங்காலம் வரைக்கும் இந்த ஜன்னல்லதான் கடலைப் பாத்துக்கிட்டே கிடந்தான். எல்லாத்தையும் எழுதினோம். என்ன பதில் வந்துது தெரியுமா? வருந்துகிறோம், குறித்துக்கொண்டோம். அவ்வளவுதான். கதை கேட்டுக் கேட்டு அவங்களுக்குக் காது புளிச்சுப் போச்சு, அம்மா தாயே. எண்ணைச் சொன்னோம், உடனே எழுந்து உக்காந்தாங்க.”

பீனா அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள்.  அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. முப்பது வருடமாகக் கதையையும் எண்ணையும் கட்டி இழுத்துக்கொண்டு திரிகிறவளுக்கு அது தெரியாதா? ஆனால் பொய்யான எண்ணை நம்பிப் படகு விட்டால் எத்தனை நாளைக்கு ஓடும்? அதை அவள் வாய்விட்டே கேட்டாள்.

“எழுதினா, இந்தப் படகுத்துறையில உன் கால் படாது” என்றார் ஓனி. கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அட்ராக்டா எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பயம் வந்தால் அவளுக்கு ஒரு பழக்கம், வேலையில் இறங்கிவிடுவாள். பீனாவிடம் திரும்பி, அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு யார் யார் எங்கே படுத்தார்கள் என்று கேட்டாள். எழுதுவதோ விடுவதோ அப்புறம், முதலில் எனக்குத் தெரிய வேண்டும் என்றாள். கதவைத் தட்டாமல் எழுதியதற்கு இப்போதாவது தட்டுகிறேன் என்றாள்.

பீனா சொல்ல ஆரம்பித்தாள். மறக்கக்கூடிய இரவா அது? சனிக்கிழமைப் படகில்தான் எல்லோரும் வந்தார்கள். சவப்பெட்டியும் அதில்தான் வந்தது, பாதிரியாரும் அதில்தான், மான்செஸ்டரிலிருந்து டெக்லனும் பெண்டாட்டி பிள்ளைகளும் அதில்தான். ஞாயிறு மத்தியானம் புதைப்பதாக ஏற்பாடு. ஞாயிறு காலையில் காற்று கிளம்பிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறை மேட்டுக்கு ஏற முடியவில்லை. திங்களுக்குத் தள்ளினார்கள். வந்தவர்கள் திரும்பவும் வழியில்லை, அடுத்த படகு செவ்வாய்தான். ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். தபால்காரி வீட்டில் கால்வேயிலிருந்து வந்த அத்தை பெண்கள். பள்ளிக்கூடத்தில் கம்பளி விரித்து ஆண்கள் ஒன்பது பேர். பாதிரியாருக்கு ஓனி தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுச் சோபாவில் படுத்தார். கணக்கெடுக்கிறவள் தீவுப் பெண்தான், அவளும் படிவங்களை வாங்கிக் கைப்பையில் திணித்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருந்தாள். அட்ராக்டா எழுதிக்கொண்டே போனாள். ஓனிகூட நடுவில் இரண்டு பேரை எடுத்துக் கொடுத்தார், அவரை அறியாமல்.

கூட்டிப் பார்த்தாள். அறுபத்தேழு. மறுபடி கூட்டினாள். அறுபத்தேழுதான்.

“ஒண்ணு குறையுது. யாரையோ விட்டுட்டோம்.”

ஓனி சிரித்தார். அந்தச் சிரிப்பில் நல்லது ஏதும் இல்லை. “உனக்கு விரல் விட்டு எண்ணவே தெரியல. நீ எங்க கணக்கைத் திருத்த வந்துட்டியா? பாதிரியாரை விட்டிருப்பே.”

பாதிரியார் இருந்தார். கணக்கெடுத்தவள் இருந்தாள். டெக்லனின் கைக்குழந்தையும் இருந்தது. அட்ராக்டா மூன்றாவது தடவையாகப் பெயர்களைச் சத்தமாகப் படித்தாள். விட்டுப்போனவர் யாரும் இல்லை என்று ஓனியே சொன்னார். அப்படியானால் அரசாங்கக் கணக்கில் ஒரு ஆள் கூடுதலாக எப்படி வந்தான்?  யாராவது வேண்டுமென்றே ஆளைச் சேர்த்து எழுதியிருந்தால், அது தெரிந்தால், எல்லாம் போச்சு. படகு, பேர், மானம் எல்லாம்.

“அவளுக்கு நல்லா எண்ணத் தெரியும்” என்றாள் பீனா. “அறுபத்தெட்டாவது ஆள் ஃபெஸ்டி.”

ஓனி அண்ணியைப் பார்த்தார்.

“நம்ம வீட்டுப் படிவத்தை நான்தான் எழுதினேன். அந்த ராத்திரி இந்த வீட்டுல யார் யார் இருந்தாங்கன்னு கேட்டிருந்துது. அவர் அந்த அறையில இருந்தார். மெழுகுவத்தி எரிஞ்சிக்கிட்டு இருந்துது. டெக்லன் பக்கத்துல உக்காந்திருந்தான். அவரை விட்டுட்டு மத்தவங்க பேரை மட்டும் எப்படி எழுதறது? வழக்கமா எங்க குடியிருக்கார்னு கேட்ட இடத்தை மட்டும் காலியா விட்டுட்டேன். அந்த ராத்திரி அவர் இங்கதானே இருந்தார்.”

உயிரோடு இருப்பவர்களை மட்டும்தான் எழுத வேண்டும் என்று படிவத்தின் மேலேயே போட்டிருக்கும். பீனா அதைப் படித்தாளா இல்லையா என்று அட்ராக்டா கேட்கவில்லை. நாற்பத்தாறு வருடம் ஒருவரோடு வாழ்ந்தவளிடம் அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.  அடுத்த அறையின் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே ஒரு கட்டில், ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கடல்.

“போலீஸ் வருமா?” என்று பீனா கேட்டாள்.

“யார் சொல்லப்போறா?” என்றாள் அட்ராக்டா. பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள்.

ஓனி தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருக்கிற மனிதருக்கு இது தெரியாமல் போயிற்று. அண்ணன் இறந்ததை எண்ணாக்கித் துறைக்காரர்கள் முன்னால் வைத்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்த எண்ணுக்குள்ளேயே அண்ணன் படுத்திருப்பான் என்று அவர் எங்கே கண்டார்?  தேநீர் ஆறிப்போய்விட்டது. பீனா அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினாள்.

“எழுதட்டும் ஓனி” என்றாள். “என் புருஷன் செத்ததை வெச்சு நாம பெருகிட்டோம்னு பேப்பர்ல போட்டிருக்கு. அதைக் கத்தரிச்சு சர்ச் வாசல்ல ஒட்டியும் வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமைதோறும் அதைத் தாண்டித்தான் போறேன். என்னால முடியல.”

 படகு கிளம்ப நேரமாயிற்று. அட்ராக்டா எழுந்து, கோட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். பின்னாலிருந்து ஓனியின் குரல் வந்தது. “போடு. ஆனா அந்த வியாழக்கிழமையை மேல போடு. எங்களை அப்புறம் எண்ணிக்கோ.”

திரும்பும்போது படகிலேயே எழுத ஆரம்பித்தாள். முதல் பத்தியில் தன் தப்பைச் சொன்னாள், பூசி மெழுகாமல். இனிஷ்கார்வில் அறுபத்தெட்டுப் பேர் குடியிருக்கிறார்கள் என்று இந்தப் பத்திரிகை எழுதியது தவறு, குடியிருப்பவர்கள் முப்பத்தொருவர், எழுதியவள் நான். அடுத்த பத்தி அந்த வியாழக்கிழமை. கடல் எப்படிக் கிடந்தது, பத்து மணிக்கு என்ன வரவில்லை, ஃபெஸ்டி எதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அதன் பிறகு சனிக்கிழமைப் படகு. ஒரு மனிதரைக் காப்பாற்ற வராத படகு அவரைப் புதைக்க இத்தனை பேரைக் கொண்டுவந்தது என்று எழுதினாள். கடைசியில், எந்த வீட்டில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பதை வீடு வீடாகப் போட்டாள். அத்தனை பேரும் அங்கே மாட்டிக்கொண்டு கிடந்தது படகு இல்லாததால்தான் என்பது படிக்கிறவனுக்குத் தானாகத் தெரியட்டும் என்று விட்டாள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். துறையில் புது அட்டவணையை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார்கள். தீவுக்காரர்களின் குட்டை உடைக்கக் கோப்பைத் தயாராகக் கட்டிவைத்திருந்தார்களாம். புதன்கிழமை பத்திரிகையில் எல்லாக் குட்டும் தானாகவே உடைந்து கிடந்தது, கூடவே ஃபெஸ்டியும் இருந்தார். வியாழக்கிழமை அறிவிக்க வேண்டியதை ஒத்திவைத்தார்கள். அக்டோபரில் வியாழக்கிழமைப் படகு திரும்ப வந்தது, ஒரு குளிர்காலத்துக்கு மட்டும், பார்த்துச் சொல்கிறோம் என்ற பேச்சோடு. தீவில் இன்றைக்கும் அட்ராக்டாவிடம் பேசாதவர்கள் உண்டு. தபால்காரி அவர்களில் ஒருத்தி.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கட்டுரை மாலக்கியின் மேசைக்குப் போனது. அவர் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். ஆட்டுச் சந்தையைத் தூக்கி உள்பக்கத்தில் போடச் சொன்னார். பிறகு, ஒருமுறை சூடுபட்டவர் ஆயிற்றே, பென்சிலை எடுத்து வீடு வீடாகக் கூட்ட ஆரம்பித்தார். அட்ராக்டா அவர் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். பென்சில் கடைசி வீட்டுக்கு வந்து நின்றது.

“மேல கணக்கெடுப்புல அறுபத்தெட்டுன்னு எழுதியிருக்கே. கீழ நீ சொல்ற வீட்டையெல்லாம் கூட்டினா அறுபத்தேழுதான் வருது. எதைத் திருத்தறது?”

“எதையும் திருத்தாதே. ரெண்டும் சரி.”

“அது எப்படி ரெண்டும் சரியா இருக்கும்? ஒரு ஆள் எங்கே?”

அட்ராக்டா கட்டுரையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை. மாலக்கி அவளை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி கட்டுரையைப் பார்த்தார். ஃபெஸ்டி எந்த நாள் இறந்தார், எந்த நாள் புதைத்தார்கள் என்ற வரிகளை விரலால் தடவிக்கொண்டே வந்தார். விரல் ஞாயிற்றுக்கிழமையில் நின்றது.

பென்சிலைக் கீழே வைத்தார். அப்படியே அச்சுக்கு அனுப்பச் சொன்னார்.